முன்பக்கத்து மூன்று ஃபேன்கள்

“லைட் எரியல” என்று வரும் புகாருக்கு எங்கள் தொழிலில் கடைசி இடம்தான். ஆன் ஆகாத கம்ப்யூட்டர், ஹார்ட் டிஸ்க் போன கம்ப்யூட்டர் எல்லாம் முடிந்த பிறகுதான் அதைத் தொடுவோம். பாளையங்கோட்டையில் நான் சர்வீஸ் கடை வைத்திருந்த கடைசி வருடம், அப்படி ஒரு போன் வந்தது. புனேயிலிருந்து கோமதி என்ற பெண் பேசினாள்.

“அண்ணாச்சி, விக்கிரமசிங்கபுரத்துல எங்க அப்பா இருக்காங்க. அவங்க கம்ப்யூட்டர்ல ஃபேன் லைட் எரியல. இன்னைக்கே போக முடியுமா?”

“லைட்டுதானம்மா. திங்கக்கிழமை போயிருதேன்.”

“அப்பாவுக்குக் காது கேக்காது அண்ணாச்சி. நான் கூப்பிடுதேங்கிறத அந்த லைட்டுதான் அவங்களுக்குச் சொல்லும். கதவு சும்மா சாத்தித்தான் இருக்கும். தட்டாண்டாம், உள்ள போயிருங்க.”

கடையைப் பூட்டிவிட்டு அப்போதே பஸ் ஏறினேன்.

கோமதியின் அப்பா சங்கரபாண்டி அண்ணாச்சி லேத் பட்டறை நடத்தியவர். ஒரு காய்ச்சலில் காது போய்விட்டது. மனைவி இறந்த பிறகு தனியாகத்தான் இருக்கிறார். பேச்சு போகவில்லை; ஆனால் தன் குரல் தனக்கே கேட்காததால் ஒரு வாக்கியம் தெருவுக்கே கேட்கும், அடுத்தது முணுமுணுப்பாக வரும். நான் முகத்துக்கு நேராக நின்று நிறுத்தி நிறுத்திப் பேசிப் பார்த்தேன். தலையை ஆட்டினார்.

“உம்ம வாய் எனக்குப் புடிபடாது வே. எம்மக வாய் மட்டுந்தான் வாசிக்கத் தெரியும். இதுல அடியும்” என்று கீபோர்டை என் பக்கம் தள்ளினார்.

அதன்பிறகு அவர் பேசினார், நான் அடித்தேன்.

கம்ப்யூட்டர் அவரே பாகம் பாகமாக வாங்கி, வீடியோக்களின் அடியில் ஓடும் எழுத்தைப் படித்துப் பொருத்தியது. கேபினெட்டில் பின்னால் ஒரு ஃபேன், முன்னால் மூன்று. மகள் கூப்பிட்டால் நான்கும் சிவப்பாக மின்னும்படி அவள் ஒரு சின்ன புரோகிராம் எழுதி வைத்திருந்தாள். செல்போனில் வைப்ரேஷன் வைத்தால் போதாதா என்று அடித்தேன்.

“வீட்டுக்குள்ள சட்டையா போட்டுட்டு அலையுதேன், பையில வச்சிக்கிட? இது அடுப்பங்கரையில நின்னாலும் தெரியும். சின்னத் திரையில அவ வாயும் சரியாத் தெரியாது.”

லைட் போனதும் நடந்ததைச் சொன்னார். இரண்டு நாளாக அப்பா எடுக்கவில்லை என்றதும் கோமதி பக்கத்து வீட்டுக்காரம்மாவைப் போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். அந்தம்மா தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு ஆள் சேர்த்துத் தாழ்ப்பாளை உடைத்துவிட்டார்.

“நான் பொறவாசல்ல துணி தொவச்சிட்டு இருக்கேன். திரும்பிப் பாத்தா அஞ்சாறு பேரு நிக்காங்க. எல்லாம் எழவு வீட்டுக்குத் துட்டி கேக்க வந்த மூஞ்சி.” சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “அதுலருந்து வீட்டக் காலி பண்ணிட்டு புனேக்கு வந்துருங்கன்னு ஒத்தக்கால்ல நிக்கா. மதர்போர்டு போயிட்டோ வே?”

கேபினெட்டைத் திருப்பினேன். சுவரைப் பார்த்திருந்த பின் ஃபேனில் லைட் எரிந்தது. முன்னால் மூன்றும் இருட்டு. அதில் ஒன்று சுற்றவும் இல்லை. ஃபேன் லைட்டுகளை ஒன்றிலிருந்து ஒன்றாகக் கோத்து மாட்டியிருப்பார்கள். ஓரிடத்தில் சிக்னல் வயர் அறுந்தால் அதற்கு அப்பால் எல்லாம் அணைந்துவிடும். வரிசையில் முதலாவதான பின் ஃபேன் லைட் எரிவதால் போர்டு நன்றாகத்தான் இருக்கிறது. முன் ஃபேன்களை ஒவ்வொன்றாகப் போர்டில் நேராக மாட்டினேன். மூன்றும் எரிந்தன, சுற்றின. அப்படியானால் கோளாறு நடுவே போகும் வயரில்.

இதைச் செய்யும்போது ஓர் எச்சரிக்கை. இந்த லைட்டுக்கு மூன்று பின், ஐந்து வோல்ட். பக்கத்திலேயே நாலு பின் இருக்கும், அது பன்னிரண்டு வோல்ட். அதில் சொருகினால் மொத்த லைட்டும் கருகிவிடும்.

வயர் கட்டைக் கையால் தடவிக்கொண்டே போனேன். பக்கத்து மூடி வந்து பொருந்தும் விளிம்பில் அது நசுங்கிக் கிடந்தது. மேல் உறை முழுசாக இருந்தது, உள்ளே செம்பு அறுந்திருந்தது. லைட் வயரும் ஃபேன் வயரும் ஒரே இடத்தில்.

“தூசி தட்டிட்டு நாந்தான் மூடினேன்” என்றார் பைய. பிறகு பின் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்போ அவ கூப்பிட்டப்பல்லாம் சுவத்தப் பாத்து எரிஞ்சிருக்கு.”

இரண்டு வயரையும் சால்டர் வைத்து ஒட்டி, மேலே ஸ்லீவ் உறை போட்டு, விளிம்பில் படாமல் உள்பக்கமாக இழுத்துக் கட்டினேன். கோமதிக்குக் கூப்பிடச் சொல்லி மெசேஜ் அனுப்பினேன்.

முன்னால் மூன்றும் சிவந்து மின்னின. சுவரும் அவர் பனியனும் சிவப்பாகின. அவர் உடனே எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்திருந்துவிட்டுத்தான் எடுத்தார்.

“எரியுதும்மா. இனி நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்.”

திரையில் கோமதி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ சொன்னாள்.

“என்ன சொல்லுதா? வாய் தெரியல” என்று என்னைக் கேட்டார்.

எனக்குக் கேட்டிருந்தது. அடிக்கலாமா என்று தயங்கினேன். பிறகு அவள் சொன்னதை அப்படியே அடித்தேன்: ‘எங்கூட இருக்க அப்பாவுக்குப் பிடிக்கல போல. நானும் இங்க ஒத்தையிலதான் கெடக்கேன்.’

அதை அவர் இரண்டு தடவை படித்தார்.

“பிடிக்கலன்னு இல்ல தாயி. அங்கன நீ வேலைக்குப் போயிட்டா விடிஞ்சதுலருந்து அடையுத வரைக்கும் நான் யார் வாயப் பாத்துட்டு இருப்பேன்? இங்கன பக்கத்து வீட்டுக்காரியாவது தாழ்ப்பாள ஒடைக்கா.”

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். முகத்தை நேராகத் திருப்பி, வாயைத் திறந்து திறந்து ஏதோ சொன்னாள். நான் கீபோர்டில் கை வைத்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“வேண்டாம் வே. புரிஞ்சிட்டு. தெனமும் சாயங்காலம் கூப்பிடுதாளாம். என்னைக்கு எடுக்கலியோ, அன்னைக்கே வந்து தூக்கிட்டுப் போயிருவாளாம்.”

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்கும்முன், இது உங்களுக்கு எதுக்கு என்று கேளுங்கள். எந்த ரிப்பேர் முதலில், எது கடைசியில் என்பதை அவர்கள் பதில் முடிவு செய்யட்டும்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் இருந்தவர் அம்பாசமுத்திரத்தில் இறங்கிவிட்டார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். பாளை வந்து சேரும்வரை என் போன் அடிக்கவில்லை.