கருதப்பட்ட குடித்தனக்காரர்

வாசகர்களே, இந்த வாரம் உங்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறேன். தீர்ப்புச் சொல்லும் சிரமம் உங்களுக்கு வேண்டாம். நான் சொல்வதைக் கேட்டீர்கள் என்பதற்கு மட்டும் சாட்சியாக இருங்கள். பூட்டிய வீடு ஒன்றில் ஒருவரைக் குடிவைத்தவன் நான். சாவி கொடுக்கவில்லை. அட்வான்ஸ் வாங்கவில்லை. நாக்கு ஒன்றாலேயே குடிவைத்தேன்!

என் அத்தை சரவணம்பட்டியில் இருக்கிறார். அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். மாமா காலமான பிறகு தனியாள். தன் வீட்டை ஒட்டி, ஒரே சுவருக்கு இருபுறமும் வரும்படி, வங்கிக் கடனில் இன்னொரு வீடு கட்டினார். மகள் குடிவருவாள் என்பது கணக்கு. மருமகனுக்கோ ஓசூருக்கு மாற்றல் வந்தது. புது வீடு ஓராண்டுக்கும் மேலாகப் பூட்டியே கிடந்தது.

ஜூலை மாதம் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும் அல்லவா? அத்தைக்குத் துணையாக ஆர்.எஸ். புரத்தில் உள்ள ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன்.

“டீச்சரம்மா, நீங்க இருக்கற ஊட்டுக்கு வரி இல்லீங்க. ரெண்டாவது ஊட்டுக்கு உண்டுங்க” என்றார் ஆடிட்டர்.

“அது பூட்டிக் கெடக்குதுங்களே! ஒத்தப் பைசா வாடகை வரலீங்க.”

“வரலீன்னாலும் வந்த மாதிரிதானுங்க. அந்த ஊட்டுல ஒருத்தரு வாடகைக்கு இருக்கறதாச் சட்டம் கருதுதுங்க.”

அத்தை மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “யாருங்க அது?”

ஆடிட்டர் சிரித்துவிட்டார். பிறகு விளக்கினார். அந்த வட்டாரத்தில் அப்படியொரு வீட்டுக்கு என்ன வாடகை கிடைக்குமோ, அது கிடைத்ததாக எழுத வேண்டும். கட்டிய வீட்டு வரியை அதில் கழிக்கலாம். பழுதுபார்ப்புக்கென்று ஒரு பங்கைக் கழிக்கலாம். பழுது பார்த்திருக்க வேண்டும் என்பது கூட இல்லை. வங்கிக் கடனுக்கான வட்டியையும் கழிக்கலாம்.

“இல்லாத மனுசன் செவுத்துல ஆணியடிச்ச ஓட்டைக்குக் கூடவா கழிவு?”

“ஆமாங்க. பில்லும் கேக்க மாட்டாங்க. வட்டியையும் கழிச்சா, உங்க சம்பளத்து வரியே கொறையுதுங்க. தங்கமான குடித்தனக்காரருங்க அவரு!”

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால், பட்டிமன்றங்களில் எதிரணியைத் திணறடித்த ஒருவன், எதிரே இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும்போது எப்படிச் சும்மா இருப்பான்? எழுந்தே நின்றுவிட்டேன்.

“கருதிப் பாருங்கள் அத்தை! பெயர் ரங்கசாமி. வயது ஐம்பது. மில்லில் டைம்கீப்பர். மனைவி இல்லை, மக்கள் இல்லை. ஆறு மணிக்கு வேலை முடிந்து வருவார். வாசல் குழாயைத் திறந்து கால் கழுவுவார். எப்போதோ மிஷினில் அடிபட்ட இடது காலைச் சற்றே இழுத்தபடி உள்ளே நடப்பார். யாரோடும் பேச மாட்டார். இப்படியோர் உத்தமர் உங்கள் வீட்டில் வாழ்கிறார் என்றுதான் சட்டம் கருதுகிறது!”

ஆடிட்டர் கை தட்டினார். அத்தை தட்டவில்லை. படிவத்தின் அடியில், ‘மேற்கண்டவை யாவும் உண்மை’ என்ற உறுதிமொழியை இரண்டு முறை படித்தார். கையெழுத்திட்டார்.

ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். அதற்குள் வங்கியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. தவணைகள் பாக்கி. ஆவணியில் வீடு வாடகைக்குப் போக வேண்டும், இல்லையேல் விற்றாக வேண்டும். வாங்குவதற்கு ஓர் ஆளையும் புரோக்கர் பிடித்து வைத்திருந்தார். மாமாவின் சேமிப்பு முழுவதும் அந்தச் சுவர்களில்தான் இருக்கிறது.

ஆவணி பிறந்தது. வீடு பார்க்க மூன்று குடும்பங்கள் வந்தன. மூன்றுக்கும் வீடு பிடித்தது. முதல் இரண்டும் மறுநாளே வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டன. மூன்றாவதாக வந்தவர் பவுண்டரியில் வேலை பார்ப்பவர். சென்ற ஞாயிறு, காந்திபுரம் மேன்ஷனிலிருந்து நான் அத்தையைப் பார்க்கப் போனபோது, அவரும் மனைவியும் கேட்டைத் தாண்டி வேகமாக வந்துகொண்டிருந்தார்கள். மறித்துக் கேட்டேன்.

“ஏனுங்க, ஊடு புடிக்கலீங்களா?”

“ஊடு அருமைங்க. ஆனா ஆளிருக்கற ஊட்டைப் போயிக் காட்டறாங்களேங்க!”

“ஆளா? யாருங்க சொன்னது?”

“டீச்சரம்மாதானுங்க.”

அவர் மனைவி குரலைத் தாழ்த்தினார். “குழாயடியும் ஈரமா இருந்துச்சுங்ணா.”

உள்ளே போய் அத்தையிடம் பொரிந்து தள்ளினேன். அவரோ விடைத்தாள் திருத்தும் நிதானத்தோடு பதில் சொன்னார்.

“இதுக்கு முந்தி யாரு இருந்தாங்கன்னு கேக்கறாங்க கண்ணு. கணக்குல ஒருத்தரு இருக்காருங்கன்னு சொன்னேன். ஏன், தப்பா?”

“அத்தை! அங்க யாருமே இல்லைங்களே!”

“யாருமில்லைன்னு இவங்ககிட்டச் சொன்னா, உண்மைன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தேனே, அது என்னாகறது? ஒரு கணக்குக்கு ரெண்டு விடை எழுதச் சொல்றயா?”

வாதிடுவதைத் தொழிலாகக் கொள்ள எண்ணியிருப்பவன் நான். வாதத்தில் அத்தையே வென்றார்.

“அதுவுமில்லாம...” அத்தை சுவரைப் பார்த்தார். “ஆறு மணியானா குழாயைத் தொறக்கற சத்தம் கேக்குது. அப்பறம் ஒரு காலை இழுத்து இழுத்து...”

“அது நான் சொன்ன கதைங்க அத்தை!”

“தெரியும் கண்ணு. நீ சொல்றதுக்கு முந்தி கேக்கலையே.”

பேய் பிசாசை நம்புகிறவர் அல்லர் என் அத்தை. சாமி கும்பிடுவதைக்கூட அளவோடு வைத்திருப்பவர். அவர் அஞ்சி நடுங்கியிருந்தால் நான் தேற்றியிருப்பேன். பால்காரர் வந்து போகும் நேரத்தைச் சொல்வதுபோல அல்லவா சொன்னார்!

“புதங்கெழமை அட்வான்ஸ் வாங்கிக்கறேன்னு புரோக்கர்கிட்டச் சொல்லிப்போட்டேன். வித்துப்போடலாம். உங்க மாமாவுக்குத்தான் மனசு தாங்காது” என்றார். மாமா உயிரோடு இருப்பதுபோல.

சாவியை எடுத்துக்கொண்டு போனேன். யாரும் இல்லை என்பதை நிரூபித்துவிட்டால் போதாதா?

வாசல் குழாயடி ஈரமாகத்தான் இருந்தது. வாஷர் தேய்ந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, குழாயை இறுக்க முயன்றேன். அது ஏற்கெனவே இறுக்கித்தான் இருந்தது.

கூடத்தில் ஒரு பாய்கூடக் கிடையாது. சுண்ணாம்பு வாடை மட்டும். நின்று, தொண்டையைச் செருமினேன். ஆளில்லாத அரங்குகளில் ஆண்டுக் கணக்காக ஒத்திகை பார்த்தவன் நான். வெற்றுக் கூடம் எப்படிப் பேசும் என்பது எனக்குத் தெரியும். சொன்ன சொல்லை ஒரு கணம் கழித்து அப்படியே திருப்பித் தரும்.

“திரு. ரங்கசாமி அவர்களே!” என்றேன்.

திரும்பி வரவில்லை.

ஆட்கள் நிறைந்த மண்டபத்தில் குரல் எப்படி அடங்குமோ, அப்படி அடங்கிப் போயிற்று. ஆயினும் தொடங்கிய பேச்சை நடுவில் நிறுத்தி எனக்குப் பழக்கமில்லை. “உங்களை அழைத்து வந்தவன் நான். ஒரு கைதட்டலுக்காக அழைத்து வந்தேன். அது என் பிழை. இந்த வீட்டை நம்பி ஒரு பெண்மணியின் வாழ்வு இருக்கிறது. அருள்கூர்ந்து காலி செய்து தர வேண்டுகிறேன்...” இரண்டு நிமிடம் பேசியிருப்பேன். இடையிடையே நிறுத்தினேன். மேடைப் பழக்கம். நிறுத்திய இடங்களிலெல்லாம் அமைதி. அமைதியைத் தவிர என் காதில் எதுவும் விழவில்லை. இதற்கும் நீங்களே சாட்சி.

கதவைப் பூட்டிக்கொண்டு வந்தேன். அத்தை தன் வாசற்படியில் நின்றிருந்தார். முகத்தில் நிம்மதி தெரிந்தது.

“பேசி முடிச்சாச்சா கண்ணு? நல்ல வேளை, நீயாச்சும் பேசினே. நீ சொன்னது அத்தனையும் கேட்டுச்சு. எடையெடைல அவரு சொன்னதுதான் செவுத்துக்கு இந்தப் பக்கம் செரியா வெளங்கல. என்ன சொன்னாரு?”

நான் என்ன சொல்வது, சொல்லுங்கள்? ஒன்றும் சொல்லவில்லை என்பதா? ஒருவரும் இல்லை என்பதா? எதைச் சொன்னாலும் நாளைக்கு வருகிறவர்களிடமும், ‘கணக்குல ஒருத்தரு இருக்காரு’ என்றுதான் அத்தை சொல்வார். புதன்கிழமை வீடு கைமாறிவிடும். வாயால் ஏற்றிவிட்ட பாரம் இது. வாயாலேயே இறக்க முடியாது என்பது அப்போது புரிந்தது. எதுகை மோனை எல்லாம் எங்கோ ஓடி ஒளிந்துகொண்டன. ஆனால், குரல் மட்டும் தானாகவே உயர்ந்தது. அடுத்த வீட்டுக் கூடம் வரை கேட்டிருக்கும்.

“புரோக்கரை வர வேண்டாம்னு சொல்லிப்போடுங்க அத்தை. ஒண்ணாந் தேதி நானே குடி வாரேனுங்க. மாசாமாசம் வாடகை முழுசா வந்துருமுங்க... அவரு இருந்தா இருந்துட்டுப் போகட்டுங்க!”