வெடிச் சத்தம் கேட்காத தீபாவளி

1973ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் என் மகளை நானே சாவின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஆண்டவர் எனக்குச் செய்த உதவியைச் சொல்ல வேண்டுமானால், சகோதர சகோதரிகளே, முதலில் இதைத்தான் சொல்லியாக வேண்டும்.

என் பெயர் சூசை. கம்பைநல்லூர் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் கேழ்வரகுக் காடு. ஒரே மகள் பிலோமினா, அப்போது பதிமூன்று வயது. நீளம் தாண்டுவதில் அவளை மிஞ்ச எங்கள் வட்டாரத்தில் ஆள் கிடையாது. எங்கே போட்டி என்றாலும் காட்டு வேலையை விட்டுவிட்டு முதல் ஆளாகப் போய் நிற்பேன். அவள் ஓடி வரும்போதே, "அது எம் புள்ளைங்க!" என்று பக்கத்தில் நிற்பவர்களிடம் கத்துவேன்.

அன்று தர்மபுரியில் போட்டி. இரண்டாவது முறை ஓடி வந்தபோது வெறுங்காலில் துருப்பிடித்த ஆணி ஏறிவிட்டது. நொண்டிக்கொண்டே என்னிடம் வந்தாள்.

"வலிக்குதுப்பா. போதும்ப்பா."

ஆணியைப் பிடுங்கினேன். துண்டைக் கிழித்துக் கட்டினேன். "இன்னும் ஒரே ஒரு தாண்டு, பாப்பா" என்று திருப்பி அனுப்பினேன். தாண்டினாள். முதல் பரிசு. தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தேன்.

"ஏனுங்க, மொதல்ல புள்ளைக்கு ஊசி போட்டுடுங்க" என்றார் விளையாட்டு டீச்சர். சரிங்க என்றேன். போடவில்லை. பாப்பாரப்பட்டியில் இருக்கும் மச்சான் வீடு வரைக்கும் கோப்பையைக் காட்டத்தான் நேரம் இருந்தது.

ஏழாம் நாள் காலை களி உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். "அப்பா, வாய் தெறக்க மாட்டேங்குதுப்பா." பல்லும் பல்லும் கிட்டிப் போயிருந்தன. மதியத்துக்குள் முதுகு வில்லாக வளைந்தது.

தர்மபுரியில் கன்னியர் நடத்திய சிறிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடினார்கள். டாக்டர் சிஸ்டர் என்னை வெளியே கூப்பிட்டு, "இது தனுர்வாதங்க, ஆணி குத்துனதால வந்தது. வெளிச்சமும் ஆகாது, சத்தமும் ஆகாதுங்க. சத்தம் கேட்டா இழுப்பு வரும். தொண்டையப் புடிச்சுதுன்னா மூச்சு நின்னுடும்" என்றார். ஒரு டம்ளர் கீழே விழுந்தாலும் அவள் உடம்பு தூக்கிப் போட்டது. என் மனைவி மரியம்மாள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நான் வாய் திறக்காமல் செபமாலை சொன்னேன்.

அப்போதுதான் தெருவில் ஒரு பட்டாசு வெடித்தது. பிலோமினா முகம் நீலம் பாய்ந்தது. சிஸ்டர்கள் ஓடி வந்து காப்பாற்றினார்கள். தீபாவளிக்கு இன்னும் நான்கு நாள். அந்தச் சன்னலுக்குப் பின்னாலேயே இருபது வீடுகள்.

கோயிலில் போய் விழுந்தேன். "ஆண்டவரே, தீபாவளியன்று மழை பெய்யச் செய்யும். ஒரு வெடியும் பற்றக் கூடாது" என்று மன்றாடினேன். தினமும் வானத்தைப் பார்த்தேன். ஒரு துண்டு மேகம் இல்லை.

மூன்றாம் நாள் மன்றாடும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. அடுத்தவர் வீட்டுப் பிள்ளைகளின் பண்டிகையைக் கெடுக்கச் சொல்லியா கேட்கிறேன்? அவர்களிடமே கேட்டால் என்ன? இந்த எண்ணம் என்னுடையது அல்ல. நான் அப்படி யாரிடமும் போய் நிற்கிற ஆள் அல்ல.

முதல் வீடு மளிகைக்கடை கோவிந்தசாமியுடையது. கையைக் கூப்பினேன். ஆஸ்பத்திரிச் சன்னல் பக்கம் காட்டினேன். அவர் மனைவிதான் கேட்டார்.

"அன்னைக்கு நீல மூஞ்சியா ஆயிடுச்சுன்னு சொன்னாங்களே, அந்தப் புள்ளைங்களா?"

"ஆமாங்க. எம் புள்ளதாங்க. தப்பு எம் மேலதாங்க."

கோவிந்தசாமி சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தார். "வாங்க, எல்லா வூட்டுக்கும் போலாம்" என்றார். இருபது வாசலிலும் என்னோடு நின்றார்.

தீபாவளி விடியலில் மகள் கட்டிலின் அருகே முழங்காலில் இருந்தேன். ஊரின் மறுகோடியில் எங்கோ லேசாக அதிர்ந்தது. ஆஸ்பத்திரித் தெருவில் ஒன்றுமில்லை. அந்தத் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஏரிக்கரைக்கு நடந்து போய் வெடித்துவிட்டு வந்தார்கள். அன்று பிலோமினாவுக்கு ஓர் இழுப்புகூட வரவில்லை.

மூன்றாம் வாரம் வாய் ஒரு விரல் அளவு திறந்தது. மரியம்மாள் கஞ்சி ஊற்றினாள். "உப்பு இல்லம்மா" என்றாள் என் மகள். மரியம்மாள் உப்பு எடுக்க ஓடினாள்.

மறு வருடம் அவள் மறுபடியும் தாண்டினாள். மூன்றாம் இடம். என் மனம் நிறைந்துதான் இருந்தது. இப்போது எந்தப் பிள்ளைக்குக் காலில் சிராய்ப்பு பட்டாலும், யார் வீட்டுப் பிள்ளையானாலும், முதலில் ஊசி போடக் கூட்டிப் போகிறேன்.

இதைப் படிக்கும் நீங்களும் இன்று ஏதோ ஓர் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கலாம். தப்பு உங்கள் மேல் என்று நெஞ்சு அரித்துக்கொண்டிருக்கலாம். அதையும் மறைக்காமல் ஆண்டவரிடம் சொல்லுங்கள். நான் கேட்ட மழையை அவர் தரவில்லை. இருபது வீட்டு மனிதர்களைத் தந்தார். அவருக்கு என்றைக்கும் நன்றி.