தையல் இல்லாத செருப்பு

அந்த வருடங்களில் வேலூரில் ஒரு கல்லூரியில் மருத்துவக் கருவிகள் செய்யச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பாதி வகுப்பு டாக்டருக்குப் படிப்பவர்கள், பாதி இன்ஜினியரிங். நோயாளியைக் கேளுங்கள், கேளுங்கள் என்று தொண்டை வற்றச் சொல்வேன். கேட்டார்கள்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருபது வருடம் தையல் மிஷினில் உட்கார்ந்தவர் ஒருவர். சர்க்கரையில் இரண்டு பாதமும் மரத்துப்போயிருந்தன. வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு புண், ஆறும், திறக்கும். இன்னொரு முறை திறந்தால் விரலை எடுக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த விரலுக்காக என் மாணவி ஒருத்தி நான்கு மாதம் உட்கார்ந்து ஒரு செருப்பு செய்தாள். மெத்தென்ற ரப்பர். ஆணி இல்லை, தையல் இல்லை, முழுக்கப் பசை. உணர்வில்லாத காலுக்கு ஒரு நூல்முடிச்சுகூடக் கல்தான்.

அவர் வாங்கித் திருப்பினார், ஓரத்தை நகத்தால் நெருடினார்.

"இன்னாம்மா, தையலே காணோம்?"

"இதுதாண்ணா உங்களுக்கு நல்லது."

"கம்பெனில இத்த வச்சா சூப்பர்வைசர் மூஞ்சிலயே அடிப்பான்."

சிரித்தோம். ஏன் நல்லது என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து வந்தார். செருப்பு அழகாயிருந்தது. சுற்றிலும் இரட்டைத் தையல், ஒரு கண்ணி பிசகாமல்.

"அந்த ஓரத்த பாக்கவே பேஜாரா இருந்துச்சு சார். நானே தச்சுட்டேன். இனிமே பத்து வருஷம் வரும்."

மாணவி செருப்புக்குள் விரலை ஓட்டினாள். கட்டைவிரல் பதியும் இடத்தில் விரல் நின்றது. முடிச்சு.

"வலிக்கலயாண்ணா?"

"வலியா? சும்மா பஞ்சு மாதிரி இருக்கும்மா."

காலில் சுற்றியிருந்த துணி நனைந்திருந்தது.

விரலை எடுத்துவிட்டார்கள்.

அவள் மார்க்குக்கான ப்ராஜெக்ட் அறிக்கை கொண்டுவந்தாள். நோயாளி கருவியைத் தானாக மாற்றியமைத்தார் என்று இருந்தது. பொய்யில்லை. இரண்டு தடவை படித்தேன், பேப்பரில் எங்கோ பெய்த மழையின் அளவைப் படிப்பதுபோல.

"இத்த அடிச்சிடும்மா."

"வேற இன்னா சார் எழுதுறது?"

"ஏன் தைக்கக் கூடாதுன்னு நாம சொல்லலன்னு எழுது."

"மார்க் போய்டுமே சார்."

மார்க் போடுகிற ஆள் நான்தான் என்பது இருவருக்குமே கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. அவள் எழுதினாள். கீழே என் பெயரையும் சேர்க்கச் சொன்னேன். அழுகை ஏதாவது வரும் என்று உட்கார்ந்திருந்தேன். மின்விசிறி சுற்றியது. ஒன்றும் வரவில்லை. அறிக்கையோடு காத்திருந்த அடுத்த மாணவரைக் கூப்பிட்டேன்.