கமலாசனி தொடாத பொத்தான்

பாரிசவாதம் வந்து பேச்சுப் போன பிறகு, கமலாசனி ஒருநாள் கதிரையிலிருந்து சரிந்து விழுந்தாள். கணவன் சிவகரன் வயலில் நின்றான். அவன் திரும்பி வரும்வரை அவள் குசினி நிலத்திலேயே கிடந்தாள். அன்றிலிருந்து அவன் கிணற்றடியைத் தாண்டிப் போவதில்லை. ஸ்கந்தபுரத்தில் அவர்களுடைய வயலில் மட்டும் புல் நெல்லை மீறி நின்றது.

"ஒரு மணியைக் குடுத்தா அடிப்பாதானே" என்றாள் பக்கத்து வீட்டு வடிவம்மா.

"மணி மாட்டுக்குக் கட்டுறது அக்கா."

சிவகரன் வீட்டிலிருந்தே கொம்பனிகளுக்கு மென்பொருள் எழுதுபவன். கைபேசியைக் கொடுத்துப் பார்த்தான். கமலாசனியின் கை இழுத்த இழுப்பில் அது நழுவி விழுந்தது. கிளிநொச்சியில் ஒரு கடை கழித்துவிட்ட பில் போடும் மிசினை ஆள் விட்டு எடுப்பித்தான். கனமானது, அசையாது, தொடுதிரையும் பெரிது. ஆனால் வலு குறைவு. இன்றைய கணினிகளில் திரையையும் தொடுகையையும் கவனிக்கும் சாளர அமைப்பை அது தாங்காது. அதனால் மிக மெலிந்த ஒரு சாளர அமைப்பை ஏற்றி, திரையில் பொத்தான்களை வரைந்து தரும் கருவித்தொகுப்பு ஒன்றை அதன்மேல் குடியேற்றத் தொடங்கினான். அந்தத் தொகுப்போ பெரிய அமைப்புகளை நம்பி எழுதப்பட்டது. அங்கே கேட்காமலே கிடைத்ததெல்லாம் இங்கே கேட்டாலும் கிடைக்கவில்லை.

பொத்தான்களுக்கான குரல் மகள் தேனுகாவுடையது. வவுனியாவில் படிக்கும் அவள் ஒவ்வொரு சொல்லாகப் பதிந்து அனுப்பினாள். தண்ணி, தேத்தண்ணி, ஓம், இல்லை. கடைசியாக, அவனைக் கூப்பிடும் பொத்தானுக்கு 'சிவகரன்' என்ற பெயர்.

"அப்பா, உங்கட பேரை நான் எப்பிடி வெறுமனே சொல்லுறது?"

"என்னையோ கூப்பிடுறாய்? மிசினுக்குத்தானே சொல்லுறாய்."

அவள் சிரித்துச் சிரித்து ஒருவழியாகப் பதிந்தாள்.

சிவகரன் அமத்தியபோது எல்லாம் பேசின. கமலாசனி அமத்தியபோது பொத்தான் அமுங்கி, அப்படியே நின்றது. அவளது விரல் நேராக எழும்பாது. வழுக்கி அடுத்த பொத்தானுக்குப் போய்த்தான் எழும்பும். பெரிய அமைப்புகளில், விரல் பதிந்த பொத்தானுக்கே விரல் எழும்பிய செய்தியும் போய்ச் சேரும். இந்தச் சிறிய அமைப்பு, விரல் எழும்பிய இடத்தில் எது இருந்ததோ அதனிடம் செய்தியைக் கொடுத்துவிட்டது. முதலில் தொட்ட பொத்தான் காத்துக்கொண்டே இருந்தது. சிவகரன் அதைத் திருத்தினான். பெரிய கெட்டித்தனம் என்று சொல்வதற்கில்லை. தன் விரலை மட்டும் வைத்துச் சோதித்தவன் முதலிலேயே கவனித்திருக்க வேண்டியது.

"தேத்தண்ணி" என்றது மிசின். கமலாசனியின் கண் நிறைந்தது.

ஒலிபெருக்கியை வயலைப் பார்க்கக் கட்டி, கூப்பிடும் பொத்தானை அமத்தச் சொல்லிவிட்டு, வரம்பில் போய் நின்றான். குரல் வரவில்லை. திரும்பி வந்து தானே அமத்தினான். 'சிவகரன்' என்று ஊருக்கே கேட்டது. மறுநாளும் அப்படித்தான். அந்தப் பொத்தான் இருந்த மூலையில் ஏதோ பிழை என்று நினைத்து, கருவித்தொகுப்பின் அரைவாசியைப் பிரித்து மறுபடி எழுதினான். அப்போதும் குரல் வரவில்லை.

கடைசியில் அவளுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"இது வேலை செய்யேல்லையோ, கமலா?"

"இல்லை" என்றது மிசின்.

"வேலை செய்யுதோ?"

"ஓம்."

"பிறகேன் அமத்தேல்லை? என்னைக் கூப்பிட விருப்பமில்லையோ?"

"இல்லை, இல்லை, இல்லை."

அவள் திரையில் இருந்த அவன் பெயரைக் காட்டினாள். பிறகு இடக்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கலியாணம் செய்த நாளிலிருந்து அவள் அவனைப் பெயர் சொல்லி அழைத்ததேயில்லை. பிழையைத் திரைக்குள்ளேயே தேடியவனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் எப்படிக் கூப்பிடுவாள் என்பது அவனுக்கே மறந்துபோயிருந்தது. அன்றிரவே தேனுகாவிடம் கேட்டு, அம்மா கூப்பிடும் சொல்லைப் பதிந்து வாங்கினான்.

அடுத்த நாள் மத்தியானம் வயலில் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தான். வீட்டுப் பக்கமிருந்து தேனுகாவின் குரலில் கேட்டது:

"இஞ்சாருங்கோ!"

கால் சேறோடு ஓடி வந்து குசினி வாசலில் நின்றான். கமலாசனி கதிரையில் பத்திரமாக இருந்தாள்.

"என்ன, கமலா? தண்ணியோ?"

"இல்லை."

"தேத்தண்ணியோ?"

"இல்லை."

விரல் மெல்ல மூலைக்குப் போனது.

"இஞ்சாருங்கோ."

"ஓம்" என்றான் சிவகரன். "நிக்கிறன்."