டிக் எடுத்த கட்டம்

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். அநியாயம் கண்ணில் பட்டால் அந்த இடத்திலேயே வெடித்துவிடுவாள் என்று யாரோ வைத்தது, ஒட்டிக்கொண்டது. மருத்துவமனைகளில் சிகிச்சைக்குக் காத்திருப்போரின் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

அவளுடைய அக்காவுக்கு இதய வால்வு பழுது. அறுவை சிகிச்சைக்குப் பெயர் பதிந்துவிட்டு வந்த அன்று, கட்டிலில் சாய்ந்தபடி அக்கா சிரித்தாள்.

"ஏண்டி, அந்த வரிசையே உன் கையிலதான இருக்கு? என்னக் கொஞ்சம் மேல தள்ளி விடேன்."

"போக்கா. உன்ன மேல தள்ளினா இன்னொருத்தரக் கீழ தள்ளணும். யாருக்கு ரொம்ப முத்திருக்கோ அவங்க தானா மேல வருவாங்க. அதுக்குத்தான் அப்படி எழுதி வச்சிருக்கோம்."

"பெரிய நீதிபதி! உங்கிட்ட மாட்டாம எவனோ ஒருத்தன் தப்பிச்சிட்டான்டி."

இருவரும் சிரித்தார்கள். அக்காவின் சிரிப்பு இருமலில் போய் நின்றது.

அந்த வரிசைக்கும் ஒரு நோய் இருந்தது. யார் எந்த மருத்துவமனையில் காத்திருக்கிறார் என்பது ஓர் அட்டவணையில் இருந்தது. அவருக்கு நோய் எவ்வளவு கடுமை என்ற எண் வேறோர் அட்டவணையில், பரிசோதனை முடிவுகளோடு இருந்தது. கடுமைப்படி முதல் இருபது பேரைக் காட்டு என்று கேட்டால், இயந்திரம் காத்திருக்கும் அத்தனை பேரையும் எடுத்து, ஒவ்வொருவருக்காகவும் அடுத்த அட்டவணைக்கு ஓடி, எண்ணைக் கொண்டுவந்து, எல்லோரையும் அடுக்கி முடித்து, இருபது பேரைக் கொடுத்துவிட்டு மிச்சத்தைக் கொட்டிவிடும். அதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். தாமதம் தாங்காமல் மருத்துவமனைகளிலிருந்து புகார் வந்துகொண்டே இருந்தது. தேடலைச் சுருக்கும் இன்டெக்ஸ் என்ற ஏற்பாடும் உதவவில்லை. இரண்டு அட்டவணைகளுக்கும் பொதுவாக ஒரே இன்டெக்ஸ் போட வழியில்லை.

அவளுக்கு மாற்று தெரியும். கடுமை எண்ணைக் காத்திருப்போர் அட்டவணையிலேயே ஒரு நகலாக வைக்கவேண்டும். பரிசோதனை மாறும்போதெல்லாம் நகலும் தானாக மாறவேண்டும். பிறகு மருத்துவமனை, காத்திருக்கும் நிலை, கடுமை மூன்றையும் சேர்த்து இன்டெக்ஸ் போட்டுவிட்டால் அடுக்குகிற வேலையே இல்லை. மேலிருந்து இருபது வரிகளைப் படித்தால் போதும்.

"ஓடுற வண்டிய எதுக்கும்மா பிரிச்சுப் போடுற?" என்றார் மேலாளர். "'கடுமைப்படி அடுக்கு'ன்னு திரையில டிக் போட்டு ஒரு கட்டம் வை. கவுண்டர்ல அவசரத்துல இருக்கறவங்க டிக்க எடுத்துட்டுப் பாத்துக்கட்டும்."

"தப்பு சார் அது. எல்லாருமே எடுத்துருவாங்க."

"இப்போதைக்குத்தாம்மா."

அவள் கத்திப் பார்த்தாள். கடைசியில் அவளே அந்தக் கட்டத்தை வைத்தாள். புகார்கள் நின்றன. அவள் மறுபடி பேச்சை எடுத்தபோதெல்லாம், "எவனாவது குறை சொல்றானா?" என்று மேலாளர் வாயை அடைத்தார். புகார் ஏன் நின்றது? எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பவள் அதை மட்டும் கேட்கவில்லை.

அக்காவுக்கு அழைப்பு வரவேயில்லை. கால் வீங்கியது, படி ஏற முடியவில்லை, பிறகு படுக்கக்கூட முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே, பாதி மடித்த துண்டு மடியில் இருக்க, போய்விட்டாள்.

"அவ விதி அவ்வளவுதாம்மா," என்றார் அக்காவின் கணவர்.

"விதியாவது மண்ணாவது! ஏன் கூப்பிடலன்னு கேட்டுட்டு வரேன் மாமா."

மருத்துவமனை கவுண்டரில் இருந்த பெண்ணை எல்லோரும் மின்னல் என்று அழைத்தார்கள். அவ்வளவு வேகம். பட்டாசு கண்ணாடித் தடுப்பின் மேல் எட்டிப் பார்த்தாள். திரையின் மூலையில் அவள் வைத்த கட்டம். டிக் இல்லை.

"அத வச்சுப் பாக்கமாட்டீங்களா?"

"வச்சா சுத்திக்கிட்டே கெடக்கும்மா. உங்களுக்குப் பின்னாடி எத்தன பேரு நிக்கிறாங்க பாருங்க, என்னத்தான் திட்டுவாங்க. எடுத்துட்டா பதிஞ்ச வரிசையில டக்குனு வந்துரும். இங்க நாங்க எல்லாருமே அப்படித்தான்." அந்தப் பெண் பெருமையோடு சிரித்தாள். "உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க?"

அக்கா பதிந்தது பின்னால்; அந்த வரிசையில் அவள் பெயர் அடியில்தான் கிடந்திருக்கும். பட்டாசு வாயைத் திறந்தாள். ஒன்றும் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போனவள் யாரையும் கேட்காமல் வேலையைத் தொடங்கினாள்.

"யாரக் கேட்டு இதுல கைய வச்ச?" என்று வந்த மேலாளர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் அறைக்குத் திரும்பினார்.

நகலை வைத்தாள். இன்டெக்ஸ் போட்டாள். கட்டத்தையே எடுத்துவிட்டாள். ஓட்டிப் பார்த்தாள். கண் இமைப்பதற்குள் வரிசை வந்து நின்றது, கடுமைப்படி.

முதல் வரியில் அக்கா. நிலை: காத்திருக்கிறார்.

அதை மாற்ற அவளுக்குக் கை வரவில்லை. அக்கா அவளுக்குரிய இடத்தில் இருக்கிறாள். கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

பிற்பகலில் மாமாவிடமிருந்து போன்.

"மருத்துவமனையிலேர்ந்து கூப்பிட்டாங்கம்மா. அவளுக்கு எடம் கெடச்சிருச்சாம். நாளைக்கே வந்து சேந்துக்கணுமாம். நான் என்னம்மா சொல்லட்டும்?"

அவள் இரண்டாவது வரியைப் பார்த்தாள். யாரோ ஒருவர். அவருக்கும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்.

"அடுத்த ஆளக் கூப்பிடச் சொல்லுங்க மாமா."

போனை வைத்துவிட்டு நிலையை மாற்றினாள். வரிசை ஒரு நொடிகூடத் தயங்காமல் மேலே நகர்ந்தது.