கோடு போடாத கேள்வி

சூர்யகலா மரக்காணத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில், கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவர். திண்டிவனத்தில் கணக்கு டீச்சர். கல்லூரியில் முதல் நாளே பேராசிரியர் கரும்பலகை முழுக்கப் புரியாத குறிகளைக் கொட்டினார். இவர் எழுந்து, "சார், அந்தக் குறிக்கு என்னா அர்த்தம்?" என்றதும் வகுப்பே சிரித்தது. "இதுகூடத் தெரியாமலா கணக்கு படிக்க வந்த?" என்றார் அவர். யாரும் சொல்லாத ஒன்று எப்படித் தெரியும் என்று திருப்பிக் கேட்க அன்றைக்கு வாய் வரவில்லை. அதற்கும் சேர்த்து இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார். தம் வகுப்பில் எந்தக் குறியையும், அடைப்புக்குறியைக்கூட, இன்னதென்று சொல்லாமல் எழுதமாட்டார். "அடைப்புக்குறி டீச்சர் வருது" என்று பையன்கள் கிண்டலடிப்பது அவர் காதிலும் விழும்.

போன வருடம் ஓர் அறக்கட்டளை பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உதவித்தொகைத் தேர்வு வைத்தது. தேறினால் மேற்படிப்புச் செலவு முழுக்க அறக்கட்டளையுடையது. விடைத்தாள் திருத்த விழுப்புரம் போன ஆசிரியர்களில் இவரும் ஒருவர்.

ஒரு கேள்வியில் தமிழ்வழிப் பிள்ளைகள் மட்டும் வரிசையாக முட்டை வாங்கிக்கொண்டிருந்தார்கள். சந்தேகப்பட்டு இரண்டு வினாத்தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஆங்கிலத் தாளில் ஒன்றுக்குக் கீழே கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு, x தள்ளித் தனியாக நின்றது. x-இல் பாதி நான்கு, ஆகவே x எட்டு. தமிழ்த் தாளில் அதையே 1/2x = 4 என்று ஒரே வரியில் நெருக்கியிருந்தார்கள். x-உம் கீழே இருப்பதாகப் படித்த பிள்ளைகள், ஒரு படியும் பிசகாமல், எட்டில் ஒன்று என்று எழுதியிருந்தார்கள்.

தலைமைத் திருத்துநர் ஜெகதீசனிடம் போனார்.

"விடை எட்டுதான் மேடம். எடமிருந்து வலமாப் போவணும். அதான் மரபு."

"எந்தப் பாடத்துல சார் சொல்லிக் குடுத்தோம்?"

"பேஜாரு பண்ணாதீங்க. ஜல்தியா முடிங்க."

சூர்யகலா கரும்பலகையில் அந்த வரியை அப்படியே எழுதிவிட்டு மற்ற ஆசிரியர்கள் பக்கம் திரும்பினார். "எல்லாரும் பேசாம விடைய மட்டும் எழுதிக் காட்டுங்க."

பாதிப் பேர் எட்டு என்று எழுதிக் காட்டினார்கள். மீதிப் பேர் எட்டில் ஒன்று.

"நமக்கே ரெண்டு வருது. கோடு போடாதவன் தப்புக்குக் குப்பத்துப் புள்ள சைபர் வாங்கணுமா? ரெண்டு விடைக்கும் மார்க் போடுங்க சார்."

"விடைச் சாவியில இல்ல. மாத்தினா யாரு கையெழுத்துப் போடுவா?"

"நான் போடுறேன். முழுப் பேரும் எழுதுறேன்."

எட்டு என்று எழுதியிருந்த அமலா டீச்சர், திருத்திக் கட்டி ஓரமாக வைத்திருந்த தம் விடைத்தாள் கட்டைப் பிரித்தார். "கலா, என் கட்டுக்கும் கையெழுத்துப் போட வா. இதுல எத்தினி புள்ளைங்கள கவுத்தனோ" என்றார். ஒவ்வொருவராகக் கட்டுகளை அவிழ்த்தார்கள்.

ஜெகதீசன் தடுக்கவில்லை. "அடுத்த வருஷம் உங்களக் கூப்புட மாட்டோம்" என்று மட்டும் சொன்னார்.

"கூப்புடாதீங்க. தமிழ்த் தாளுக்கும் கோடு போட்டு அச்சடிங்க."

பொழுது சாயும்வரை உட்கார்ந்து தாள்தாளாகக் கையெழுத்துப் போட்டார் சூர்யகலா. ஒரு தாளைக்கூட விடவில்லை. இந்த வருடம் அவருக்கு அழைப்பு வரவில்லை.