ஜோலார்பேட்டைக்காரியின் இடது தோள்

ஐம்பதுகளின் நடுவில், வேலூரில் ஒரு பெண்கள் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் நான் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. காலையில் உடற்பயிற்சி வகுப்பு உண்டு. புடவையைக் கச்சமாகக் கட்டிக்கொண்டு மைதானத்தில் நிற்போம். ஓட்டம், கைப்பயிற்சி எல்லாம் எனக்கு வந்தன. பெட்டி மட்டும் வரவில்லை.

பெட்டி என்றால் முழங்கால் உயர மரப்பெட்டி. நின்ற இடத்திலிருந்தே இரண்டு கால்களையும் ஒன்றாகத் தூக்கி அதன் மேல் குதித்து நிற்க வேண்டும். சறுக்காமல் இருக்க மேலே எருமைத் தோலை இழுத்து ஆணி அடித்திருந்தார்கள். பக்கத்தில் போனாலே அந்தத் தோலின் வாடை வரும். மற்றவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். நான் ஓரடி பின்னால் போவேன்.

என் ஊர் ஆம்பூர். எங்கள் வீட்டுக்குப் பின்புறம் தோல் பதனிடும் டேனரி ஒன்று. தோல் ஊறும் தொட்டிகள் அங்கே தரைமட்டத்தில் இருக்கும். மேலே மிதக்கும் ஆவாரம்பட்டைத் தூள் வெயிலில் காய்ந்து, பார்ப்பதற்கு மண்தரை போலவே தெரியும். சிறுவயதில் விளையாட்டு மும்முரத்தில் அப்படி ஒரு தரையில் குதித்துக் கழுத்துவரை போய்விட்டேன். வேலையாள் ஒருவர் சடையைப் பிடித்துத் தூக்கினார். உடம்பில் ஏறிய பழுப்பு நிறம் போக நாளாயிற்று. எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. முதலில் ஒரு காலை நீட்டித் தரையை அழுத்திப் பார்ப்போம், பிறகுதான் மறுகாலை எடுப்போம். பெட்டி முன்னால் நின்றபோதும் என் வலது கால் அதையேதான் செய்தது.

"இன்னாம்மா, சேத்துலயா நடக்கற? ரெண்டு காலும் ஒண்ணா எழும்பணும்" என்று டிரில் டீச்சர் கத்துவார்.

எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவள் ஒரு ரயில்வே தொழிலாளியின் மகள். ஊர் ஜோலார்பேட்டை. "இல்ல டீச்சர், பொட்டி எவ்ளோ ஆழம்னு கால வுட்டுப் பாக்கறா!" என்றாள் அவள். மைதானமே சிரித்தது. அவளுக்கு என் தொட்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாமல் சொன்னதே சரியாக வந்து தைத்தது. அன்றிலிருந்து சாப்பாட்டுக் கூடத்தில் ரசத்துக்குத் தட்டை நீட்டினால்கூட, "ஆழம் பாத்துட்டியாடி?" என்று கேட்டார்கள்.

அவள் குதிப்பதைப் பார்த்தால் பொறாமைப்படாமல் இருக்க முடியாது. நீளமான கால்கள். பெட்டி மேல் இறங்கினால் சத்தமே வராது. "எப்படிடி பயமில்லாம குதிக்கிற?" என்று ஒருத்தி கேட்டதற்கு, "பிளாட்பாரம் இல்லாத பக்கம் வண்டியிலருந்து ஜல்லி மேல குதிச்சுப் பழக்கம். யோசிச்சுக்கிட்டு நின்னா அடுத்த ஸ்டேஷனுக்கு இட்டுனு போய்டும்" என்றாள். அதைச் சொன்ன அலட்சியத்தின் மேலும் எனக்குப் பொறாமை. விடுதியில் என் பாய்க்குப் பக்கத்துப் பாய் அவளுடையது. படுத்த உடனே தூங்கிவிடுவாள். அந்தத் தூக்கத்தின் மேலும் பொறாமை. ஒவ்வொரு முறை அவள் பெட்டி முன் நின்றபோதும், கால் இடற வேண்டும் என்று மனதார வேண்டினேன். அவள் இடறவேயில்லை.

ஆனால் இடறுவதைத் தவறவிடக் கூடாதே என்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் மற்றவர்கள் பார்க்காத பலவற்றை நான் பார்த்தேன். குதிக்கும்போது அவள் பெட்டியைப் பார்ப்பதில்லை. எதிரே இருந்த வேப்பமரத்தைப் பார்த்தாள். குதிகால் முதலில் எழும்பும். கைகள் பின்னால் போய் முன்னால் வரும். வாயை மூடி மூக்கால் மூச்சை இழுப்பாள். இறங்கும்போது முழங்கால் மடங்கிக் கொடுக்கும்.

வருடக் கடைசியில் தேர்வு வந்தது. பெட்டியில் தேறாதவர்களுக்குச் சான்றிதழ் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் ஒரு வருடம் படிக்க வீட்டில் விடமாட்டார்கள். படிப்பும் வேலையும் அதோடு போய்விடும். சாயங்காலங்களில் எல்லோரும் கோயிலுக்குப் போன பிறகு, கிணற்றடித் துவைகல் முன்னால் நின்று பார்ப்பேன். வலது கால் முன்னே போய்விடும். கடைசியில் ஒரு நாள், நான் குதிக்க முயல்வதை விட்டுவிட்டு, அவளைப் போல நின்றேன். அவளைப் போல மூச்சை இழுத்தேன். அடுத்த கணம் துவைகல் மேல் நின்றுகொண்டிருந்தேன். எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை.

தேர்வன்று மதிப்பெண் போட வெளியூரிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். என் முறை. தோல் வாடை அடித்தது. வலது கால் விரல்கள் முன்னே நகர்ந்ததை உணர்ந்தேன். தலையை நிமிர்த்தி வேப்பமரத்தைப் பார்த்தேன். பிறகு உள்ளங்கால் இரண்டிலும் எருமைத் தோலின் சொரசொரப்பு.

வரிசையிலிருந்து அவள் குரல் வந்தது. "டீச்சர்! அது என் தோளு!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. குதிக்கும் முன் அவளுக்கு இடது தோள் லேசாக மேலே ஏறும். அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டிருந்தேன். வந்திருந்த அம்மாவும் சிரித்தபடியே என்னைத் தேர்ச்சியாக்கினார்.

அன்று பாய் விரிக்கும்போது அவள் கேட்டாள். "எங்கப்பாவுக்கு ரயில் ஷெட்டுக்குச் சோத்துத் தூக்கு மாட்டினு போய்ப் போய் எனக்குத் தோளு அப்டி ஆச்சு. உனக்கு இன்னாடி வந்துச்சு?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். கண்கள் சிரிக்கவில்லை. தனக்கு மட்டும் என்று இருந்த ஒன்று இன்னொருத்தியிடம் போய்விட்டால் வரும் பார்வை அது. அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்; வருடம் முழுக்க நான் அவளைப் பார்த்ததும் அப்படித்தான். அந்த ராத்திரி அவளுக்கு முன்னால் நான் தூங்கிப்போனேன்.

பிறகு மாதனூர் பக்கம் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. என் மாணவிகளுக்கும் பெட்டியில் குதிக்கக் கற்றுக்கொடுத்தேன். ஆய்வுக்கு வந்த ஓர் அதிகாரி, "இந்தப் பொண்ணுங்க எல்லாம் ஏன் இடது தோளைத் தூக்குறாங்க?" என்று கேட்டார். "இங்க அப்படித்தான் சார்" என்றேன்.

அவளை எனக்கு இன்றும் பிடிக்காது. ஆனால் நான் பிரியம் வைத்த எவரையும் அவளைப் பார்த்ததுபோல் அவ்வளவு முழுதாகப் பார்த்ததில்லை என்பது, என் மாணவிகள் பெட்டி முன்னால் தோளை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் எனக்கு நினைவுக்கு வருகிறது.